புதுவயல் ஆலைக் கணினிகளைக் காரைக்குடியிலிருந்து பார்க்கத் தொடங்கியபோது

தை மாத விடியற்காலை, ஐந்தரை மணிக்குப் போன். "தம்பி, எடை வரமாட்டேங்குது. மூணு லோடு நிக்குது." புதுவயல் அரிசி ஆலையில் எடை மேடைக் கணினியில் உட்காரும் அக்கா. அறுவடை நாட்களில் ஐந்து மணிக்கே வந்துவிடுவார். நான் செக்காலையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, கண்டனூர் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் மூன்று லாரி ஐந்தாகிவிட்டது.

பிரச்சினை இதுதான். முதல் நாள் இரவு யாரோ போனுக்குச் சார்ஜ் போட, கணினியின் பின்னால் இருந்த யுஎஸ்பி வயரைப் பிடுங்கிவிட்டு, திரும்ப மாட்டும்போது பக்கத்து ஓட்டையில் மாட்டியிருக்கிறார்கள். மேடையின் எடையைக் கணக்கிட்டுக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டியிலிருந்து வரும் சீரியல் வயர் ஒரு மாற்றி வழியாக யுஎஸ்பியில் சேர்கிறது. ஓட்டை மாறியதும் விண்டோஸ் அதற்குக் காம் 3 என்ற பெயரை விட்டுவிட்டுக் காம் 5 என்று கொடுத்துவிட்டது. எடை மென்பொருள் காம் 3ஐயே கேட்டுக்கொண்டு நின்றது. மூன்றை ஐந்தாக மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிட வேலைக்கு ஐந்து லாரிக்காரர்கள் பனியில் நின்றார்கள்.

அன்றைக்கே முதலாளியிடம் சொன்னேன், ஆலைக் கணினிகளை வீட்டிலிருந்தே பார்க்க ஒரு ஏற்பாடு செய்துவிடலாம் என்று. "செய்ங்க தம்பி, ஆனா ஓட்டம் நிக்கக் கூடாது" என்றார். ஓடுகிற ஆலையில் ஓட்டத்தை நிறுத்தாமல் செய்ததால் முடிக்க நான்கு மாதம் ஆனது. அந்த அனுபவம்தான் இது. எங்கள் பக்கம் ஆலைகளில் கணினி வேலை பார்க்கிற யாருக்காவது உதவும்.

ஆலையில் மொத்தம் ஐந்து கணினிகள். வாசலில் எடை மேடை. பாய்லர், ட்ரையர் வெப்பநிலையைக் காட்டுவது ஒன்று. நிறம் மாறிய அரிசியைப் பிரித்துத் தள்ளும் கலர் சார்ட்டர் பக்கத்தில் ஒன்று. ஆலையில் எல்லோருக்கும் அது சார்டெக்ஸ்தான். பேக்கிங்கில் ஒன்று. ஆபீஸில் ஒன்று. பேக்கிங் கணினிதான் பழசு. 25 கிலோ வரை பையில் அடைத்து விற்றால் 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று 2022 ஜூலையில் வந்த பிறகு பல ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின, இங்கேயும் மாறியது. அந்த 26ஐ அமைத்து வைத்திருக்கும் மென்பொருள் விண்டோஸ் 7இல் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஓடு நின்றுவிட்டன. அந்தக் கணினியை மனதில் வைத்துத்தான் பிறகு எல்லா முடிவும் எடுக்க வேண்டியிருந்தது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு ரிமோட் மென்பொருளைப் போட்டேன். உள்ளே நுழைய, அந்தப் பக்கம் இருப்பவர் திரையில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். ஷெல்லரும் பாலிஷரும் ஓடுகிற சத்தத்தில் "ஏழா, எட்டா" என்று கத்திக் கத்திக் கேட்டால் எத்தனை நாள் ஓடும்? தவிர, இலவசம் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். ஆலைக்கு அதைப் பயன்படுத்துவது முறையும் இல்லை, இரண்டாவது வாரத்தில் அதுவே இணைப்பை வெட்டத் தொடங்கியது.

அடுத்து விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப். வேகமாக இருந்தது. ஆனால் நான் உள்ளே போனதும் அக்காவின் திரை பூட்டிக்கொண்டது. லாரி மேடைமேல் நிற்கிறது, அக்கா பாஸ்வேர்டு கேட்கும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாதாரண விண்டோஸில் அது அப்படித்தான் வேலை செய்யும், ஒரே நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான் இடம். ஆலைத் தளத்துக்கு இது ஒத்துவராது. அங்கே நானும் அக்காவும் ஒரே திரையைச் சேர்ந்து பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் விஎன்சி. 1990களில் கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆய்வகத்தில் உருவான பழைய முறை. திரையில் இருப்பதை அப்படியே படமாக அனுப்பும், மவுஸையும் கீபோர்டையும் இந்தப் பக்கத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். அந்த முறையில் ஓடும் டைட்விஎன்சி மென்பொருளைச் சர்வீஸாக நிறுவினேன். அப்படி நிறுவினால்தான் கணினி ரீஸ்டார்ட் ஆகி, யாரும் லாகின் செய்யாமல் நிற்கும்போதும் உள்ளே போக முடியும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு பாஸ்வேர்டு வைக்கலாம் என்பது. ஒன்றைப் போட்டால் பார்க்கவும் இயக்கவும் முடியும், இன்னொன்றைப் போட்டால் பார்க்க மட்டும் முடியும். அந்த இரண்டாவது பாஸ்வேர்டின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பாஸ்வேர்டு எட்டு எழுத்தோடு நின்றுவிடும், அதற்குமேல் எவ்வளவு நீளமாக வைத்தாலும் கணக்கில் வராது. திரையின் படமும் தட்டச்சும் மறைகுறியாக்கம் இல்லாமல், நடுவில் யாரும் படிக்கக்கூடிய வடிவில்தான் போகின்றன. ஆகவே ரூட்டரில் விஎன்சிக்கான வாசலான 5900 போர்ட்டைத் திறந்துவிட்டு வீட்டிலிருந்து நேராக உள்ளே போகிற வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை நச்சுநிரல் பரவியபோது, திருத்தம் போடாத பழைய விண்டோஸ் கணினிகள்தான் முதலில் மாட்டிக்கொண்டன, அதில் தொழிற்சாலைகளும் இருந்தன. எங்கள் பேக்கிங் கணினி அந்த வகை.

ஆலையில் இருப்பது சிம் போட்ட ரூட்டர். அதற்கு வெளியிலிருந்து கூப்பிடத் தனி முகவரி கிடையாது, பல பேர் ஒரே முகவரியைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். எனவே ஆலைதான் வெளியே வந்து என்னைக் கூப்பிட வேண்டும். மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்தேன். ஆலை ஆபீஸில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை வைத்து, அதிலிருந்து சர்வருக்கு வயர்கார்டு சுரங்கம், அதாவது மறைகுறியாக்கம் செய்த தனி வழி போட்டேன். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன பாக்கெட் போய்வரும்படி வைத்ததால் வழி மூடாமல் இருக்கிறது. ஐந்து கணினிகளுக்கும் வாசல் அந்த ராஸ்பெரி பை ஒன்றுதான். பேக்கிங் கணினியிலிருந்து இணையத்துக்கு வழியே இல்லாமல் அடைத்துவிட்டேன். என் போனும் தனக்கென ஒரு சாவியோடு அதே சர்வர் வழியாகத்தான் உள்ளே வருகிறது, அது தொலைந்தால் சர்வரில் அந்தச் சாவியை மட்டும் நீக்கினால் போதும்.

வயர் விஷயமும் இருக்கிறது. எடை மேடை ஆபீஸிலிருந்து 140 மீட்டர் தள்ளி. செம்பு நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்குத்தான் கணக்கு. பழைய ஆட்கள் நடுவில் ஒரு சுவிட்சை வைத்து, வேப்பமரத்தில் கட்டி இழுத்திருந்தார்கள். ஐப்பசி இடியில் ஏற்கெனவே இரண்டு முறை போர்ட் கருகியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் ஒளியை நெட்வொர்க் கேபிளுக்கு மாற்றிக் கொடுக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தேன். கண்ணாடி இழையில் மின்னல் ஏறி வராது. இந்த ஏற்பாட்டிலேயே செலவழித்ததற்கு வருத்தமே படாத இடம் அதுதான்.

கண்காணிப்புக்கு அப்டைம் கூமா என்ற மென்பொருள். இலவசம், சர்வரிலேயே ஓடும், ஏதாவது நின்றால் டெலிகிராமில் செய்தி அனுப்பும். முதல் வாரம் கரண்ட் போகும்போதெல்லாம் ஐந்து செய்தி, வந்ததும் ஐந்து செய்தி. இரண்டே நாளில் செய்தி வந்தால் போனைத் திருப்பிவைக்கும் பழக்கம் வந்துவிட்டது, அது ஆபத்து. ஐந்தையும் ஒரே குழுவாக்கி, மூன்று முறை தொடர்ந்து பதில் இல்லாவிட்டால் ஒரே ஒரு செய்தி வரும்படி மாற்றினேன். கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொள்ளும்படி எல்லாக் கணினியின் பயாஸிலும், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பிலும், அமைத்துவைத்தேன்.

கணினி பதில் சொல்வதாலேயே வேலை நடக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தத் தை மாத விடியற்காலையில்கூட எடை மேடைக் கணினி நன்றாகத்தான் பதில் சொல்லியிருக்கும். காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும் என்பதால் நேராகவும் எட்டிப் பார்க்க முடியாது. எடை மென்பொருள் எழுதும் லாக் ஃபைலைப் பார்த்து, எடை வந்துகொண்டிருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்கு "இருக்கிறேன்" என்று சொல்லும் சின்ன நிரலை எழுதிப் போட்டேன். அது சொல்லாமல் விட்டால் எனக்குச் செய்தி வரும்.

எடை மேடை வேலை முடிந்தது என்று நினைத்திருந்தபோதுதான் அது நடந்தது.

மாசி மாதம், பகல் பதினொன்று இருக்கும். எடை மேடையில் பில் பிரிண்டர் சரியாக அடிக்கவில்லை என்று முதல் நாள் அக்கா சொல்லியிருந்தார். லாரி இருக்காது என்று நானாக முடிவு செய்துகொண்டு, வீட்டிலிருந்து உள்ளே போய், பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்ற ஆரம்பித்தேன். அங்கே மேடைமேல் ஒரு டிராக்டர். ஜன்னலுக்கு வெளியே நெல் கொண்டுவந்த பெரியவர் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அக்கா கையை எடுத்துவிட்டு வண்டி எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். மவுஸ் தானாக நகர்கிறது. ஒரு பெட்டி திறக்கிறது, மூடுகிறது.

"என்னத்தா இது, எடையை எங்கேயோ இருந்து மாத்துறாகளா?"

அக்கா எனக்குப் போன் போடும்போது பின்னால் அந்தப் பெரியவரின் குரல் கேட்டது. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். நான்கு மாதம் வயலில் கிடந்து விளைவித்த நெல் ஒரு எண்ணாக மாறுகிற இடம் அது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் யாரும் தொடாமல் எதுவும் நகரக் கூடாது. என்னால் எடையை மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முத்திரை வைத்துப் பூட்டியிருக்கும் இண்டிகேட்டரைக் காட்டினேன். எடை அங்கேதான் முடிவாகிறது, வெளியே மாட்டியிருக்கும் பெரிய சிவப்பு எண் பலகைக்கு வயர் அதிலிருந்து நேராகப் போகிறது, கணினி நடுவில் இல்லை என்று வயரைக் கையால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். பிறகு கணினியை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். பலகையில் எண் அப்படியே நின்றது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறினார்.

அன்று சாயங்காலமே எடை மேடையில் இயக்குகிற பாஸ்வேர்டை என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, பார்க்க மட்டும் முடிகிற பாஸ்வேர்டை வைத்தேன். இயக்க வேண்டுமானால் நான் அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும். மேடை காலியா என்று பார்த்து, அவர் தன் கணினியில் ஒரு ஐகானை அழுத்தினால்தான் எனக்கு வழி திறக்கும், இருபது நிமிடத்தில் தானே மூடிவிடும். ஜன்னல் ஓரம் ஒரு நோட்டு தொங்குகிறது. நான் எப்போது உள்ளே வந்தேன், எதற்கு வந்தேன், எப்போது போனேன் என்று அக்காவே எழுதுகிறார்.

பாய்லர், ட்ரையர் பக்கம் ஆரம்பத்திலிருந்தே பார்ப்பது மட்டும்தான், அதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. எலிவேட்டர் பெல்ட்டில் அடைப்பு எடுக்க ஒருவர் கையை விட்டிருப்பார். அது என் திரையில் தெரியாது. மோட்டாரை ஓட்டுகிற ஸ்டார்ட்டர் அதன் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்க வேண்டும். சார்டெக்ஸும் அப்படியே. ஒருநாள் நல்ல அரிசியையும் சேர்த்துத் தள்ளுகிறது என்று திரையிலேயே தெரிந்தது, அமைப்பை மாற்றலாமா என்று ஆபரேட்டர் அண்ணனிடம் போனில் கேட்டேன். "இருங்க தம்பி" என்று போய்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தார். தவிட்டுத் தூசி. சரியாகிவிட்டது.

முதலாளி ஒன்று கேட்டார். ஆட்களின் திரையை நாள் முழுக்கப் பதிவு செய்து வைக்கலாமா என்று. முடியும், ஆனால் நான் செய்ய மாட்டேன் என்று சொன்னேன். எடை மேடை ஜன்னலில் நடந்ததைச் சொன்னேன். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் அதே சந்தேகம் வந்தால், அடுத்த முறை வயர் மாறினால் எனக்குச் சொல்லவே மாட்டார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விட்டுவிட்டார்.

பேக்கிங் கணினிக்கு மாற்று இன்னும் வரவில்லை. அதுவரை அதன் வட்டை முழுசாக நகலெடுத்து, அதே அளவு இன்னொரு வட்டில் போட்டு ஆபீஸ் பீரோவில் வைத்திருக்கிறேன். ஒருமுறை மாட்டிப் பார்த்தேன், அப்படியே எழுந்து 26 கிலோ காட்டியது.

போன வாரம் விடியற்காலை மறுபடியும் செய்தி வந்தது, எடை வரவில்லை என்று. எழுந்து கணினியைத் திறப்பதற்குள் இன்னொரு செய்தி, வந்துவிட்டது என்று. அக்காவுக்குப் போன் செய்தேன். "யுஎஸ்பியை மாத்திச் சொருகிட்டாங்க தம்பி. நானே பழைய ஓட்டையில மாட்டிட்டேன். நோட்டுலயும் எழுதிட்டேன், நீங்க வரலைன்னு."