ரிவர்ஸ் வெட்டுகிறது: கிளட்ச் டிராவலை அளந்து பார்த்த அனுபவம்

பெடலை மிதித்தும் கிளட்ச் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் முழுதாகப் பிரிக்கவில்லை என்றால் முதலில் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸ் கியர்தான். என் காரின் கியர் பாக்ஸில் முன்னோக்கிப் போகும் எல்லாக் கியருக்கும் சிங்க்ரோ (பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) உண்டு. கிளட்ச் லேசாக உரசிக்கொண்டிருந்தாலும் அவை சமாளித்து விழுந்துவிடும். ரிவர்ஸுக்கு அந்த வசதி இல்லை, பற்கள் உரசிக் கர்ரென்று வெட்டும்.

டர்போ ஏற்றியதும் அதற்கேற்ப கனமான பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது), ஆறு பேட் வைத்த செராமிக் கிளட்ச் பிளேட், எடை குறைத்த ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுற்றும் சக்கரம்) எல்லாம் போட்டேன். தொல்லை அதற்கப்புறம்தான் வந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. நெரிசலில் நின்று நின்று ஓட்டி, பானட்டுக்கடியில் நன்றாகச் சூடேறிய பிறகு ரிவர்ஸ் வெட்டும், ஃபர்ஸ்ட் முரண்டு பிடிக்கும்.

பெடலை மிதித்த கையோடு ரிவர்ஸ் போட்டு, வெட்டுகிறது என்று முடிவு கட்டக் கூடாது. நல்ல கிளட்சிலும் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு) சுற்றி நிற்க ஒன்றிரண்டு வினாடி ஆகும். நான் செய்தது இது: ஐடிலில் பெடலை முழுக்க மிதித்து, ஃபர்ஸ்ட் போட்டு ஷாஃப்டை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, பெடலை விடாமல் பத்து வினாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டேன். வெட்டியது. நின்ற ஷாஃப்டை ஏதோ ஒன்று மறுபடி சுற்றிவிடுகிறது. அந்த ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருந்தாலும் இப்படித்தான் நடக்கும். ஆனால் அது குளிரில் நல்லபிள்ளையாகவும் சூட்டில் மட்டும் மோசமாகவும் நடந்துகொள்ள வாய்ப்பு குறைவு. கியர் பாக்ஸை இறக்கும் முன் வெளியே இருப்பதைப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

பெடலை வேகமாக நாலைந்து தடவை அடித்துப் பார்த்தேன். கிளட்ச் பிடிக்கும் இடம் உயரவில்லை. பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் திரவ லைனில் காற்று இருந்தால் அடிக்க அடிக்க மேலே வரும். ஆனாலும் திரவம் கறுத்திருந்ததால் புதிதாக மாற்றி ஏர் எடுத்தேன். காற்றை வெளியேற்றும் ப்ளீடர் நிப்பிள், கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் மேல் பக்கம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது கீழே இருந்தால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் காற்று உள்ளேயே தங்கும்.

அடுத்து கணக்கு. இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்பட்டு, பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடைத் திருகப் போகிறார்கள். பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரின் துளை விட்டம் 15.87 மி.மீ., ஸ்லேவ் 19.05 மி.மீ. பரப்பளவு முறையே 198, 285 சதுர மி.மீ. அதாவது மாஸ்டர் 1 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவ் 0.69 மி.மீ. நகரும். ஃப்ரீ பிளே (ஆரம்பத்தில் எதையும் தள்ளாத சும்மா அசைவு) போக பெடல் பக்கம் புஷ் ராடு 24 மி.மீ. நகர்கிறது. ஸ்லேவில் 16.7 வர வேண்டும். நண்பர் பெடலை மிதிக்க, நான் வெர்னியர் அளவுகோலோடு கீழே படுத்தேன். வந்தது 14.2.

இரண்டரை மி.மீ. வழியில் காணாமல் போகிறது. அது எங்கே என்று தெரியாமல் எந்த ஸ்க்ரூவைத் திருகியும் பயனில்லை.

ரப்பர் ஹோஸை விரலால் பிடித்துக்கொண்டு பெடலை மிதிக்கச் சொன்னேன். உப்புவது விரலுக்கே தெரிந்தது. பழைய பிரஷர் பிளேட் கேட்ட அழுத்தத்துக்கு அந்த ஹோஸ் போதும், இதற்குப் போதாது. சூட்டில் ரப்பர் இன்னும் இளகும், அதுவும் டர்போ பக்கத்திலேயே போகிறது. ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் மாற்றியதும் 15.5 ஆனது.

மிச்சத்தைத் தேடக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மாஸ்டர் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும் ஃபயர்வால் தகட்டில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவர்) டயல் கேஜை வைத்துப் பார்த்தால், பெடலை மிதிக்கும்போது தகடே 1.5 மி.மீ. முன்னால் போகிறது. காலில் கொடுக்கிற உழைப்பு திரவத்துக்குப் போகாமல் தகட்டை வளைக்கப் போகிறது. 1.5 பெருக்கல் 0.69 என்றால் ஸ்லேவில் ஒரு மி.மீ. நஷ்டம். 3 மி.மீ. தகடு ஒன்றை வெட்டி, ஃபயர்வாலுக்குப் பின்பக்கம் பெடல் பிராக்கெட்டோடு சேர்த்து போல்ட் போட்டேன். இப்போது 16.5 வருகிறது. ஸ்லேவ் தள்ளும் ஃபோர்க்கும் கொஞ்சம் வளையத்தான் செய்யும், ஆனால் அந்த நஷ்டம் ஸ்லேவுக்கு அப்புறம் நடப்பது, இந்தக் கணக்கில் வராது.

இதற்கெல்லாம் பதிலாக 19.05 மாஸ்டரையே போட்டால் என்ன என்று சிலர் கேட்டார்கள். 44 சதவீதம் கூடுதல் திரவம் போகும், உண்மை. பெடலும் அதே அளவுக்குக் கனக்கும். அதைவிட முக்கியம், கிளட்சைப் பிரிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங் தேவைக்கு மேல் போய், பிரஷர் பிளேட்டிலுள்ள டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை (நாக்கு போன்ற தகடுகளை) அளவுக்கு மீறி அழுத்தும். ஸ்பிரிங் வீணாகும், விரல்கள் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் இடிக்கவும் செய்யும். குறைந்த டிராவல் (நகர்வு) கியரைக் கெடுக்கும், கூடின டிராவல் கிளட்சையே கெடுக்கும்.

புஷ் ராடைக் கடைசியில்தான் தொட்டேன். இங்கே ஆசைப்பட்டு நீட்டினால் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது, திரவம் இருக்கும் ரிசர்வாயருக்குப் போகும் சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் திரவத்துக்குப் போக்கிடம் இல்லாமல், பெடலைத் தொடாமலே கிளட்ச் வழுக்கும். ரிசர்வாயர் மூடியைத் திறந்து பெடலை மெதுவாக அழுத்தினால், முதல் அசைவில் திரவத்தில் சின்னதாக ஒரு சலனம் தெரிய வேண்டும். தெரிந்தால் துளை திறந்திருக்கிறது. பெடலில் ஒரு விரல்கடை ஃப்ரீ பிளே வைத்து லாக் நட்டை இறுக்கினேன்.

பெடல் ஸ்டாப்பை (பெடல் அதற்குமேல் இறங்காமல் நிறுத்தும் தடுப்பை) வைக்க: எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தில் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டேன். நண்பர் பெடலை மெல்ல மெல்ல இறக்க, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சாதாரண டிஃபரென்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிரும் அமைப்பு) இரண்டையும் தூக்கினால் எதிர்ச்சக்கரம் தலைகீழாகச் சுற்றி ஏமாற்றிவிடும். எல்எஸ்டி (இரு சக்கரங்களும் தனித்தனியே சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) இருந்தால் இரண்டையும் தூக்கியாக வேண்டும். சக்கரம் தாராளமாகச் சுற்றிய இடம் பெடல் தரையைத் தொட 35 மி.மீ. இருக்கும்போது வந்தது. பெடல் அதற்கும் கீழே 10 மி.மீ. போக இடம் விட்டு ஸ்டாப்பை வைத்தேன்.

சூடேறிய பிறகு அதே பத்து வினாடிச் சோதனை: ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. ஃபர்ஸ்டில் கிளம்பும்போது உதறுகிறது, அது செராமிக் பிளேட்டின் குணம், கிளட்ச் பிரிவதோடு சம்பந்தமில்லை. ஹோஸுக்கும் டர்போவுக்கும் நடுவே வெப்பத் தடுப்பு உறை ஒன்று போட வேண்டியிருக்கிறது. பிளேட் தேயத் தேய விரல்கள் பேரிங் பக்கம் வரும் என்பதால், பேட்கள் படிந்த பிறகு ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே போக இன்னும் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை அளக்க வேண்டும்.