மேல ஏறிப் பாருப்பா

தண்டையார்பேட்டைல ஒரு கன்டெய்னர் ட்ரெய்லர் ஆபீஸ்ல சிஸ்டம் பாக்குற வேலை. எந்த வண்டி ஹார்பருக்குள்ள போச்சு, எது இன்னும் எக்ஸ்பிரஸ் ரோட்ல லைன்ல நிக்குதுன்னு டேட்டாபேஸ்ல ஏத்துறதுக்கு பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். பைத்தான் டேட்டாபேஸோட பேசுறதுக்கு மைஎஸ்க்யூஎல்கிளையன்ட்னு ஒரு பேக்கேஜ் வேணும். என் விண்டோஸ் லேப்டாப்ல பிப் (பைத்தான் பேக்கேஜ் ஏத்துற டூல்) வெச்சு அத போட்டப்போ சட்டுனு ஏறிடுச்சு, அதே கமாண்ட புது உபுண்டு லினக்ஸ் சர்வர்ல அடிச்சா ஸ்க்ரீன் ஃபுல்லா செவப்பு.

கடைசி வரிய மட்டும் படிச்சேன், இது பிப்போட பிரச்சனையா இருக்காதுங்கற மாதிரி போட்டிருந்துச்சு. அப்போ யாரோட பிரச்சனைடா? பிப்ப அப்கிரேட் பண்ணேன், வென்வ (பேக்கேஜ் எல்லாம் தனியா வெக்கிற ஃபோல்டர்) அழிச்சிட்டு புதுசா போட்டேன், சர்வரையே ரீஸ்டார்ட் பண்ணேன் (சிரிக்காதீங்க, மேனேஜர் சார் பின்னாடியே வந்து வந்து நின்னா நீங்களும் பண்ணுவீங்க).

ராத்திரி ஷிஃப்டுக்கு வந்த நெட்வொர்க் அண்ணா, காசிமேட்டுக்காரரு, எட்டிப் பாத்துட்டு "கீழயே பாத்துகினு கீறியே, மேல ஏறிப் பாருப்பா, மொத எர்ரர் இன்னா சொல்லுது?"ன்னாரு. மேல போனா, மைஎஸ்க்யூஎல் லைப்ரரி எங்க இருக்குன்னே தெரியலன்னு அப்பட்டமா எழுதியிருக்கு.

"விண்டோஸுக்கு வெட்டி கழுவி குடுத்துட்டான், லினக்ஸுக்கு முழு வஞ்சிரம் வந்துகீது, உன் சர்வர்ல அருவாமனையே இல்லியே."

விஷயம் அதான். விண்டோஸுக்கு ரெடியா கம்பைல் பண்ண, அதாவது மெஷினுக்கு புரியுற மாதிரி மாத்தி வெச்ச, வீல் ஃபைல் இருக்கு, லினக்ஸுக்கு வர்றது சோர்ஸ், உள்ள சி கோட், அத நம்ம மெஷின்லயே கம்பைல் பண்ணணும். உபுண்டுவோட சொந்த இன்ஸ்டாலர் ஆப்ட்ல டிஃபால்ட்-லிப்மைஎஸ்க்யூஎல்கிளையன்ட்-டெவ்வும், அது எங்க இருக்குன்னு காட்டுற பிகேஜி-கான்ஃபிகும் போட்டேன், அடுத்து சி கம்பைலர் ஜிசிசி இல்லன்னுச்சு. பில்ட்-எசென்ஷியல் போட்டேன், ஜிசிசி, மேக் ரெண்டும் வந்துச்சு, இப்போ கம்பைல் பண்ண தேவைப்படுற பைத்தான்.ஹெச் ஃபைல் இல்லையாம். பைத்தான்3-டெவ் போட்டப்புறம் தான் ஏறிச்சு. ஒவ்வொரு தடவயும் கீழ அதே செவப்பு, மேல மட்டும் வேற வேற காரணம். ஆப்ட்லயே பைத்தான்3-மைஎஸ்க்யூஎல்டிபின்னு ரெடிமேடா ஒண்ணு இருக்குறதும், இதே வேலைய பண்ற பைமைஎஸ்க்யூஎல் பேக்கேஜுக்கு கம்பைலரே தேவையில்லங்கறதும் அப்புறம் தான் தெரிஞ்சுது, அது வேற வயித்தெரிச்சல்.

ஓடுற சர்வர்ல கம்பைலர் எதுக்குன்னு மறுநாள் டெவ் பேக்கேஜ் எல்லாத்தையும் தூக்கிட்டு, கூடவே இனி யாருக்கும் தேவையில்லாதத தூக்குற ஆட்டோரிமூவும் அடிச்சேன். அது லிப்மைஎஸ்க்யூஎல்கிளையன்ட்டையும் சேத்து வாரிட்டு போயிடுச்சு. ஓடுறதுக்கு அது வேணும், ஆனா நாம கம்பைல் பண்ணது ஆப்டுக்கு எப்படி தெரியும். காலைல ஸ்கிரிப்ட் படுத்துகிச்சுன்னு ஃபோன். இந்த தடவ எந்த டாட் எஸ்ஓ ஃபைல் (லினக்ஸ்ல லைப்ரரி ஃபைல்) காணோம்னு கடைசி வரிலயே பேரோட இருந்துச்சு, மேல ஏறவே வேணாம்.