மதிப்பைத் தரும் நிபந்தனை

ஜாவா என்ற நிரல்மொழியில் பல ஆண்டுகள் எழுதிப் பழகிய கையோடு கோட்லின் என்ற இன்னொரு நிரல்மொழிக்கு வந்தபோது, மொழிதான் மாறியதே தவிர என் நடை மாறவில்லை. முதலில் ஒரு மாறியை, அதாவது மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரை, சுழியம் என்று வைத்துக்கொள்வேன்; பிறகு ‘இஃப்’ (இப்படி இருந்தால்), ‘எல்ஸ் இஃப்’ (இல்லை, இப்படி இருந்தால்) என்று வரிசையாகச் சோதித்து, பொருந்தும் கிளையில் அந்த மாறிக்கு ஒரு தொகையை இடுவேன்; கடைசியில் அதை எடுத்துப் பயன்படுத்துவேன். இந்தப் பழக்கத்தில் என்ன தவறு இருக்கிறது என்பது ஒரு விநியோகச் செயலியில் வேலை செய்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

கடைகளிலிருந்து வீடுகளுக்குப் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் செயலி அது. வழக்கமானது, விரைவு, முன்பதிவு என்று ஆர்டர்கள் மூன்று வகைப்பட்டன. சில மாதங்கள் கழித்து ‘புறநகர்’ என்ற நான்காவது வகையைச் சேர்த்தோம். கட்டணம் கணக்கிடும் இடத்தில் அதற்குரிய கிளையை எழுத நான் மறந்துவிட்டேன். நிரலை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றும்போதே பிழைகளைச் சுட்டும் கம்பைலர் எதுவும் சொல்லவில்லை. அதன் பார்வையில் குறையும் இல்லை. மாறி சுழியத்தில் தொடங்கியது, எந்தக் கிளையும் பொருந்தாததால் சுழியமாகவே நின்றது. மூன்று நாட்கள் புறநகர் ஆர்டர்கள் அனைத்தும் கட்டணமின்றிச் சென்றன. வண்டி ஓட்டுபவர்களின் பங்கு அந்தக் கட்டணத்திலிருந்தே கணக்கிடப்பட்டதால், நெடுந்தொலைவு ஓட்டியவர்களுக்கு அந்த ஆர்டர்களுக்கான ஊதியச் சீட்டில் ஒன்றுமே வரவில்லை. அவர்களில் ஒருவர் கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிய வந்தது.

நிரலில் கூற்று (statement) என்பது ஒரு வேலையைச் செய்வது. கோவை (expression) என்பது ஒரு மதிப்பைத் தருவது. பள்ளிப் பாடநூலிலேயே வரும் இந்த வேறுபாட்டை நான் வெறும் தேர்வுக்கான வரையறையாகவே வைத்திருந்தேன். சி, ஜாவா போன்ற மொழிகளில் ‘இஃப்’ ஒரு கூற்று. அதனால் எதையாவது செய்ய முடியுமே தவிர எதையும் திருப்பித் தர இயலாது. ஆகவே மதிப்பு வேண்டுமென்றால் ஒரு மாறியை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது, பிழையும் அந்த ஏற்பாட்டில்தான் புகுந்துகொள்கிறது. நாம் பேசும்போது ‘மழை பெய்தால் 50 ரூபாய், இல்லையென்றால் 30 ரூபாய்’ என்கிறோம்; கட்டணத்தை முதலில் சுழியமாக வைத்துவிட்டுப் பிறகு மாற்றுவதில்லை.

கோட்லினில் ‘இஃப்’ கோவையாகவும் நிற்கும். ‘வேல் கட்டணம் = இஃப் (மழை) 50 எல்ஸ் 30’ என்று ஒரே வரியில் எழுதலாம். ‘வேல்’ (val) என்று அறிவித்த பெயருக்கு மதிப்பு ஒரே ஒருமுறைதான் கிடைக்கும் என்பதால், நடுவில் அரைகுறையாக நிற்கும் நிலையே இல்லை. மதிப்பை எதிர்பார்க்கும் இடத்தில் ‘எல்ஸ்’ இல்லாமல் எழுதினால் கம்பைலர் ஏற்காது. கிளைக்குள் பல வரிகள் இருந்தால் கடைசி வரியின் மதிப்பே அந்தக் கிளையின் மதிப்பாகும். இவ்வளவும் ‘இஃப்’ மூலமே கிடைத்துவிடுவதால், சி மொழியின் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் கொண்ட வடிவம் கோட்லினுக்குத் தேவைப்படவில்லை.

இந்தச் சிந்தனை புதியதன்று. 1950களின் இறுதியில் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி ஃபோர்ட்ரான் மொழியில் சதுரங்க நிரல் எழுதியபோது, அந்த மொழியின் ‘இஃப்’ கூற்று கைக்கு அடங்காமல், நிபந்தனையையும் இரண்டு மதிப்புகளையும் பெற்று ஒன்றைத் திருப்பித் தரும் ஒரு செயற்கூறை (function) எழுதிக்கொண்டார். ஆனால் எது வேண்டுமோ அதை மட்டும் கணக்கிடாமல் இரண்டையும் அது கணக்கிட்டது. தேவையான கிளை மட்டுமே இயங்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்த நிபந்தனைக் கோவை, லிஸ்ப் மொழியிலும் அல்கால் 60 மொழியிலும் இடம்பெற்றது. அன்றே கிடைத்த ஒன்று பைத்தானுக்கு 2006இல்தான் வந்தது. பல கிளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஜாவாவின் ‘ஸ்விட்ச்’, மொழியின் நிலையான அம்சமாக மதிப்பைத் தரத் தொடங்கியது 2020இல்தான்.

எங்கள் பிழைக்கு உண்மையான மருந்து, பல கிளைகளில் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கோட்லினின் ‘வென்’ கோவையும் ‘சீல்டு கிளாஸ்’ என்ற ஏற்பாடும் சேர்ந்தது. ஆர்டர் வகைகளை ஒரு சீல்டு கிளாஸின் கீழ் வைத்துவிட்டால், இருக்கும் வகைகள் இவை மட்டுமே என்பது கம்பைலருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு ‘வேல் கட்டணம் = வென் (ஆர்டர்)’ என்று தொடங்கி ஒவ்வொரு வகைக்கும் ஒரு கிளை எழுதினால், ஒரு வகை விடுபட்டாலும் நிரல் கம்பைல் ஆகாது. கிளைக்குள் நுழைந்ததும் அந்த ஆர்டர் எந்த வகை என்பதைக் கம்பைலர் தானே ஏற்றுக்கொள்வதால், புறநகர் ஆர்டருக்கு மட்டும் உள்ள தொலைவை வகைமாற்றம் செய்யாமலே எடுக்கலாம். 2025இல் வெளியான கோட்லின் 2.2 பதிப்பிலிருந்து கிளையோடு இன்னொரு நிபந்தனையையும் சேர்க்க முடிகிறது. ஆனால் ‘புறநகர், அதுவும் எடை 10 கிலோவுக்கு மேல்’ என்ற கிளை புறநகர் முழுவதையும் அடக்கியதாகக் கருதப்படாது, பொதுவான கிளையும் வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கம்பைலர் ஒரு வகை விடுபட்டதாகச் சொன்னதும், அதை வாயடைக்க ‘எல்ஸ்’ என்று ஒரு கிளை போட்டுச் சுழியத்தைத் தருபவர்களைப் பார்க்கிறேன். அந்த ஒரு சொல்லால், நாளை சேரும் வகைகள் அனைத்தும் மீண்டும் சத்தமின்றி அதற்குள் விழும். பழைய பிழையைப் புதிய இலக்கணத்தில் எழுதியதாகவே ஆகும். அதேபோல் ‘வென்’ கூற்றாக நிற்கும்போது இந்தக் காவல் முன்பு இருந்ததில்லை. பலர் அதன் முடிவில் ஒரு போலிப் பண்பை ஒட்டி வலுக்கட்டாயமாகக் கோவையாக்கி வந்தார்கள். சீல்டு கிளாஸ் போன்றவற்றில் வகை விடுபடுவது கோட்லின் 1.6 பதிப்பில் எச்சரிக்கையாகவும், 2022இல் 1.7 பதிப்பில் பிழையாகவும் ஆன பிறகே அந்தத் தந்திரம் தேவையற்றுப் போனது.

கோவைகளுக்கென்றே சில பள்ளங்களும் உண்டு. ‘இஃப் (தொலைவு < 5) 30 எல்ஸ் 50 + மழைக்கட்டணம்’ என்று எழுதினால் மழைக்கட்டணம் இரண்டுக்கும் சேராது. தொலைவான ஆர்டருக்கு மட்டுமே சேரும், ஏனெனில் ‘எல்ஸ்’ தனக்குப் பின்னால் வரும் கூட்டல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். முழு ‘இஃப்’ கோவையையும் அடைப்புக்குள் வைத்துப் பிறகு கூட்ட வேண்டும். கோவைக்குள் கோவையாக மூன்று அடுக்கு வைப்பதையும் நான் ஏற்பதில்லை. உள்ளே இருப்பதற்கு ஒரு பெயர் கொடுத்துத் தனிச் செயற்கூறாக்கினால் படிப்பவருக்கு மூச்சு முட்டாது. முகவரி இல்லாத ஆர்டரைச் செயற்கூறின் வாசலிலேயே திருப்பி அனுப்புவது போன்ற இடங்களில் சாதாரண ‘இஃப்’ கூற்றே போதும்.

கட்டணப் பகுதியை இப்படித் திருத்தி எழுதிய சில வாரங்களில் ‘இரவு விநியோகம்’ என்ற ஐந்தாவது வகை வந்தது. சீல்டு கிளாஸில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டுக் கம்பைல் செய்தேன். ஏழு இடங்களில் பிழை காட்டியது. அவற்றில் இரண்டு, ரசீது அச்சிடுவதும் வண்டி ஓட்டுபவரின் பங்கைக் கணக்கிடுவதும், என் நினைவில் இல்லாத இடங்கள்.