ஐந்தரைக்குக் கீழே

சிறுநீர்ச் சோதனை அறிக்கையில் பி.எச். என்றொரு வரி இருப்பதை நோயாளிகள் கவனிப்பதில்லை. சிறுநீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண் அது; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். மருத்துவர்களிலும் சிலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மார்த்தாண்டம் பக்கம் ஆய்வகத்தில் வேலை செய்யும் எனக்கு, கல்லடைப்பு என்று வருபவர்களின் தாளில் கண் முதலில் போவது அங்கேதான். விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போய், வியர்வை வழிய வேலை முடித்து, போதிய தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்களின் சிறுநீரில் சோதனைப் பட்டை பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடும், அது 5. சிறுநீரின் அடியில் படியும் வண்டலை நுண்ணோக்கியில் வைத்தால் மஞ்சளும் பழுப்பும் கலந்த சாய்சதுர யூரிக் அமிலப் படிகங்கள் தெரியும். காரக் கரைசல் ஒரு துளி விட்டால் அவை விளிம்பிலிருந்து கரையத் தொடங்கும்.

2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில், தட்டுகள் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்த விவகாரத்திலும் இதே அமிலத்தன்மைதான் கூட்டாளியாக நின்றது. புரத அளவைக் கணிக்கும் சோதனை நைட்ரஜனைத்தான் அளக்கிறது என்பதால், தண்ணீர் கலந்த பாலை ஈடுகட்ட நைட்ரஜன் மிகுந்த மெலமைனைச் சேர்த்தார்கள். ஏறத்தாழ 2.94 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் சிறுநீரில் யூரிக் அமிலம் கூடுதல்; பி.எச். ஐந்தரைக்குக் கீழே போகும்போது அது கரையாத வடிவில் நின்று, மெலமைனுடன் பிணைந்து கல்லாகிறது. அந்தக் கற்கள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாததால் ஸ்கேன் தேவைப்பட்டது. நிறையத் திரவம் கொடுத்து, சிறுநீரைச் சற்றுக் காரமாக்கியபோது பல குழந்தைகளுக்குக் கல் வெளியேறியது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனத்தில் மெலமைனோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்திருந்தது. மெலமைனும் அந்த அமிலமும் பிணைந்து உருவாகும் படிகம் உடல் தாங்கும் காரத்துக்கு எளிதில் மசிவதில்லை.

“டீக்கடை மெலமைன் தட்டுல சாப்பிட்டா நமக்கும் கல்லு வருமா, சார்?” என்று கேட்பவர்கள் உண்டு. சூடான, புளிப்பான உணவில் மெலமைன் சிறிதளவு கசிவது உண்மை; கலப்படப் பால்மாவில் இருந்த அளவோடு அதை ஒப்பிட முடியாது. ஆயினும் கொதிக்கும் ரசத்தை அதில் ஊற்ற வேண்டாம் என்றே சொல்வேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது தாமதமாக வரும் மாதிரிகள்தான். காலையில் குளச்சலில் பிடித்த சிறுநீர் நண்பகலில் பேருந்தில் வந்து சேர்வதற்குள், கிருமிகள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்க, பட்டை 8 காட்டும். அதை நம்பினால், சிறுநீரைக் காரமாக்கும் மருந்தான பொட்டாசியம் சிட்ரேட் தேவைப்படுகிறவருக்கு அது மறுக்கப்படலாம். மறுபுறம், கேள்விப்பட்டு ஆப்பச்சோடாவைத் தாமாகவே குடித்து 7-க்கு மேல் ஏற்றிக்கொள்பவர்களுக்குக் கால்சியம் பாஸ்பேட் கல் வர வழியாகிறது. ஆகவே பழைய மாதிரியை வாங்குவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியாதவர்களை இங்கேயே வந்து கொடுக்கச் சொல்லிவிடுகிறேன்.