தாளில் ஏறிய ஜம்போ: ‘எக்ஸிகியூட்டிவ் டிசிஷன்’ மறுபார்வை

பழைய விமானக் கடத்தல் படங்களைத் தாளில் வரைந்துகொண்டே திரும்பப் பார்க்கும் பழக்கத்தில், இந்த முறை 1996இல் வந்த ‘எக்ஸிகியூட்டிவ் டிசிஷன்’. கதையை உடைக்காமல் எழுத முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒரு பெரிய தாளில் போயிங் 747இன் பக்கவாட்டுத் தோற்றம். நிஜத்தில் 70 மீட்டருக்குச் சற்று மேல் நீளம். மூன்று அடுக்காகப் பிரித்தேன்: மேலே விமானி அறையும் மாடியும், நடுவில் பயணிகள், கீழே சரக்கும் கருவிகளும். கடத்தல்காரர்களுக்குச் சிவப்பு, அதிரடிப்படைக்கு நீலம், ஹாலி பெர்ரி நடித்த பணிப்பெண்ணுக்குப் பச்சை. காட்சி மாறும்போதெல்லாம் படத்தை நிறுத்தி, யார் எங்கே என்று புள்ளி வைத்தேன்.

ஏதென்ஸிலிருந்து வாஷிங்டன் போகும் விமானம். உள்ளே நச்சு வாயுக் குண்டு. பறக்கும்போதே இன்னொரு விமானம் அடியில் வந்து ஒட்ட, குழாய் வழியாக வீரர்கள் ஏறுகிறார்கள். நம்பவே முடியாத யோசனைதான், ஆனால் அதைக் கேள்வி கேட்க நேரம் தருவதற்குள் ஸ்டீவன் சீகலைக் கொன்றுவிடுகிறார்கள். சண்டைப் படங்களின் பெரிய பெயர் அவர், படம் பாதியைத் தொடும் முன்பே காலி. மிஞ்சுவது கோட்டும் டையுமாக மாட்டிக்கொண்ட உளவுத்துறை ஆய்வாளர் கர்ட் ரஸ்ஸல், தற்செயலாக ஏறிவிட்ட ஒரு பொறியாளர், முதுகெலும்பு அடிபட்டு அசைய முடியாத வெடிகுண்டு நிபுணர்.

இதற்குப் பிறகுதான் தாள் சுவாரசியமானது. நீலப் புள்ளிகள் சிவப்புக்கு வெகு அருகில் போய்க்கொண்டே இருக்கின்றன, ஆனால் தொடுவதில்லை. கூரையில் துளை போட்டு நுண்கேமராவை இறக்கும் காட்சியில் இரண்டு நிறத்துக்கும் நடுவே ஒரு கூரைப் பலகைதான். துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் இவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்தது எப்படி என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: எதிரி எத்தனை அடி தள்ளி இருக்கிறான் என்பது நமக்கு எப்போதும் தெரிகிறது. இயக்குநர் ஸ்டூவர்ட் பேர்ட் அடிப்படையில் படத்தொகுப்பாளர். 1978இன் ‘சூப்பர்மேன்’ அவர் தொகுத்தது. அவர் இயக்கிய முதல் படம் இது. அந்தக் கை தெரிகிறது.

சந்தேகம் தீர, சில பகுதிகளை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசை போனாலும் கூரைக் காட்சிகள் அப்படியே நிற்கின்றன. வானொலி வேலை செய்யாத நிலையில், விமானத்தின் விளக்கை அணைத்து ஏற்றி மோர்ஸ் குறியீட்டில் போர் விமானத்துக்குச் செய்தி சொல்லும் இடமும் அப்படித்தான். படுத்துவிட்டவை வாஷிங்டன் கூட்ட அறைக் காட்சிகள். அங்கே புள்ளி வைக்கவும் ஒன்றும் இல்லை. 133 நிமிடப் படத்தில் தாராளமாகக் கத்தரி போட்டிருக்கலாம்.

நெருடியது வில்லன். துப்பறிவாளர் புவாரோவாக நமக்குப் பழகிய டேவிட் சூஷே, குரலை உயர்த்தாமலே மிரட்டுகிறார். ஆனால் அவருக்கு மதவெறியைத் தாண்டி எழுதி வைத்தது ஒன்றுமில்லை. அந்தக் கால ஹாலிவுட்டின் சோம்பேறித்தனம், இன்று பார்க்க இன்னும் உறுத்துகிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: விமானி அறைக் கதவு. 2001 செப்டம்பருக்குப் பிறகு உடைக்க முடியாத கதவுகள் கட்டாயமாயின. இந்தப் படத்தின் கதையோ அந்தக் கதவு லேசாகத் திறப்பதை நம்பித்தான் ஓடுகிறது. இன்றைக்கு எழுதினால் முதல் பத்துப் பக்கத்தையே மாற்ற வேண்டும்.

கடைசியில் சிறு விமானம் மட்டுமே ஓட்டிப் பழகிய கர்ட் ரஸ்ஸல் 747ஐ இறக்குவது பெரிய புளுகு. அதற்கான விதையை, அவர் விமானம் ஓட்டக் கற்பதை, தொடக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள் என்பதால் கோபம் வரவில்லை.

அடுத்து 1997இன் ‘ஏர் ஃபோர்ஸ் ஒன்’. அதுவும் 747 என்பதால் இதே வரைபடத்தைப் படியெடுத்துவிட்டேன். அதிபர் தப்பிக்கும் கூண்டுக்கு மட்டும் நானே இடம் ஒதுக்கிக் கோடு போட வேண்டும். நிஜ விமானத்தில் அப்படி ஒன்று கிடையாது.