ரெண்டு பெண், ரெண்டு பத்திரம்

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துக்கு எழுதிப் போட்டபோது, தாலுகா ஆபீஸைவிட வீட்டில்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது. ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000 என்று குழந்தைகள் பெயரில் அரசு டெபாசிட் போடுகிறது. ஆனால் அதற்கு முன்பே அப்பா, அம்மா இருவரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். ஆண் பிள்ளை இருக்கக் கூடாது, பின்னால் தத்தெடுக்கவும் கூடாது.

"மூணாவது பையனாப் பொறந்தா அந்தப் பணத்த நானே தர்றேன்" என்றார் மாமியார். அவர் கையில் சேர்ந்தாற்போல ஐயாயிரம் இருந்து நான் பார்த்ததில்லை.

இருவரில் ஒருவர் என்றுதான் விதி. ஆண்களுக்கான ஆபரேஷனில் தையல்கூடக் கிடையாது என்று நர்ஸம்மா என் கணவரிடம் எடுத்துச் சொன்னார். நன்றாகத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார் மனுஷன். கடைசியில் போய்ப் படுத்தது நான்தான்.

அப்புறம் சான்றிதழ்கள். பிறப்பு, வருமானம், இருப்பிடம், சாதி, கருத்தடை எல்லாம் வழக்கமான அலைச்சல். ஆண் குழந்தை இல்லை என்பதற்கான சான்றிதழ் மட்டும் தனி ரகம். இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று மேலே ஏறிப் போகும். விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. ரேஷன் கார்டைப் பார்த்துக்கொண்டே, "பையன் யாரும் இல்லைல்ல?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா, "பாவம் சார், ரெண்டும் பொண்ணு" என்று சாட்சி சொல்லிவிட்டார். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 2011 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான். அந்தப் "பாவம்" ஒரு வீட்டோடு நிற்கிற பேச்சா என்ன?

எங்கள் சமயத்தில் வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய். பிறகு 1,20,000 ஆக்கினார்கள். இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது முடிவதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள். பெயரும் இனிஷியலும் எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு பவர் ஃபைனான்ஸ் டெபாசிட் பத்திரங்கள் வந்ததும், "கல்யாணச் செலவுக்கு ஆச்சு" என்றார் மாமியார். பத்தாவது பொதுத்தேர்வு எழுதி, 18 வயதும் முடிந்தால்தான் பணம் வட்டியோடு கைக்கு வரும், அது காலேஜுக்கு என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நகலை அவர் பீரோவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அசலை என் அம்மா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.