அரை சென்டிமீட்டர் கம்பியும் சிரிம் சான்றிதழும்

மலேசியாவின் பட்டர்வொர்த் வட்டாரத்து மீன் குளிர்கிடங்குகளுக்காக, கோயம்புத்தூரில் ஒரு சிறு தொழிற்சாலை தயாரிக்கும் கம்பியில்லா வெப்பநிலை உணரிகளை வரவழைத்து விற்க நானும் என் தம்பியும் முனைந்தபோது, இந்தியாவில் ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற கருவிதானே, அந்த ஆவணங்களைக் காட்டினால் போதும் என்று நம்பியிருந்தோம். அது தவறான நம்பிக்கை. இங்கே இத்தகைய கருவிகள் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ்த் தனியாகச் சான்று பெற வேண்டும். மேற்பார்வை சைபர்ஜெயாவில் உள்ள எம்சிஎம்சி எனும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துடையது, சான்றிதழ் வழங்குவது ஷா ஆலாமில் உள்ள சிரிம் என்ற தரச்சான்று நிறுவனம். மலேசியாவில் பதிவுபெற்ற நிறுவனமே சான்றிதழை வைத்திருக்க முடியும் என்பதால் விண்ணப்பமும் எங்கள் பெயரில்தான், சரக்கு எப்படி வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தான்.

உண்மையான சிக்கல் அதிர்வெண்ணில் இருந்தது. இந்தியாவில், லோரா எனும் தொலைதூர வானொலி முறையில் தகவல் அனுப்பும் இவ்வகை உணரிகள் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பட்டையில் இயங்குகின்றன. மலேசியாவிலோ 919 முதல் 923 வரையிலான பட்டையில் இயக்க வேண்டும். "சிப் ரெண்டுக்கும் ஒத்துவரும் சார், மென்பொருள்ல நம்பரை மாத்துனா முடிஞ்சுது" என்றார் தொழிற்சாலை உரிமையாளர். சிப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் ஆன்டெனாவாக உள்ளே பற்றவைத்திருக்கும் கம்பி, வானொலி அலையின் நீளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு வெட்டப்பட்டது. 866 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 8.65 சென்டிமீட்டர், 921க்கு 8.1. மாதிரிகளில் கம்பியை மாற்றி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, அறிக்கையும் மின்சுற்றுப் படங்களும் உட்புறப் புகைப்படங்களும் இணைத்து விண்ணப்பித்தோம். அறிக்கையில் இருந்த மாடல் பெயருக்கும் பெட்டியில் அச்சிட்ட பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபட்டதால் ஒருமுறை திருத்தம் கேட்டார்கள், மற்றபடி தடையில்லை.

சான்றிதழ் வந்து, முதல் இருநூறு உணரிகள் பினாங்கில் இறங்கிய அன்று, தம்பி ஒன்றின் மூடியைத் திறந்து கம்பியின் மேல் அடிக்கோலை வைத்தான். எட்டரைக்குச் சற்று மேலே நின்றது. இன்னும் நான்கைத் திறந்தோம். எல்லாமே இந்தியச் சந்தைக்கான கம்பி. மாதிரிக்குச் செய்த மாற்றத்தைத் தயாரிப்புப் பிரிவுக்கு யாரும் எழுத்தில் தரவில்லை.

நாங்களே வெட்டிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. சான்றிதழ் சோதனைக்குப் போன வடிவத்துக்கு மட்டுமே உரியது; அடுக்களை மேசையில் வெட்டிய கருவியில் எம்சிஎம்சி முத்திரையை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏற்றுமதிச் செலவை இருவரும் பாதிப்பாதி ஏற்று, மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பினோம். வாங்குவதாகச் சொல்லியிருந்த கிடங்கு உரிமையாளரிடம் நேரில் போய்க் காரணத்தை விளக்கியபோது, "தம்பி, ஐஸ் உருகுறதைக் காட்டாத மெஷினை வாங்கி நான் என்ன செய்ய? சரியானதோட வாங்க" என்று அவர் காத்திருக்கச் சம்மதித்தார்.

இப்போது கொள்முதல் ஆணையிலேயே கம்பியின் நீளத்தையும் மென்பொருள் பதிப்பையும் எழுதிவிடுகிறோம். சரக்கு கப்பலேறுமுன் பத்துக் கருவிகளின் உட்புறப் படங்கள், அளவுகோலுடன், எங்களுக்கு வர வேண்டும். இரண்டாம் சரக்கில் கம்பி 8.1 சென்டிமீட்டர் இருந்தது.